கிழக்கு ஜன்னல்

அப்பா கட்டிய வீட்டின் கிழக்கு ஜன்னலை நேற்று கழற்றினோம். நிலையின் அடிப்பக்கம் விரலால் தொட்டதுமே மாவாக உதிர்ந்தது. உள்ளே முழுக்கக் கரையான். தேக்கு விலை கட்டுப்படியாகவில்லை, சரி, யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம் என்று முடிவெடுத்தோம். கடையில் பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் ஸ்லைடிங்கைத்தான் காட்டினார்கள். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி ஜன்னல்தான் திறக்கும். சென்னைப் புழுக்கத்தில் கடல்காற்றைப் பாதியாக்க எனக்கு மனசு வரவில்லை. வெளிப்பக்கம் முழுசாகத் திறக்கும் கதவையே வாங்கினேன்.

வாங்குகிறவர்கள், சட்டத்துக்குள் இரும்பு வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம், கீழ்ச்சட்டத்தில் மழைத்தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். பூச்சு வேலையில் சிமெண்ட் அதை அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

பழைய கம்பிகளை எடைக்குப் போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எங்களைப் பள்ளிக்கு வழியனுப்புவார்.