டோன் குமிழின் கீழ்ப்பாதி: ப்ளூஸுக்காக இரட்டை ஹம்பக்கர் வயரிங்

என் எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் ஹம்பக்கரின் (இரண்டு கம்பிச் சுருள், அதாவது காயில், கொண்ட பிக்கப்) ஒலியில் இருந்த மப்பு ஒருவழியாக விலகிவிட்டது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் அந்தப் பிக்கப் அதேதான். மாறியவை நான்கு பாட் (குமிழுக்குக் கீழே இருந்து ரெசிஸ்டன்ஸை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்), இரண்டு கெபாசிட்டர், அந்தக் கெபாசிட்டர்கள் போய் ஒட்டும் இடம். ஆம்ப் லேசாகக் கரகரக்கத் தொடங்கும் அளவில் வைத்துவிட்டால், இப்போது வால்யூம் 5இல் சுத்தமான ரிதம் கிடைக்கிறது. 7இல் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கரகரக்கிறது, 10இல் லீட் பாடுகிறது. பெடல் எதுவும் இல்லை. இந்த ஒலிக்காகப் புது பிக்கப் வாங்கத் தேவையில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ப்ளூஸுக்குப் பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ரெசிஸ்டன்ஸ் எண். 7.5கே (கிலோஓம்) என்றால் மென்மை, 9கே என்றால் முரடு என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து ஒலியைச் சொல்லவே முடியாது. 42 கேஜுக்குப் பதில் இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியை அதே அளவு சுற்றினால் எண் ஏறிவிடும், ஒலி அந்த அளவுக்கு மாறாது. அறையின் வெப்பம்கூட எண்ணை நகர்த்தும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுவதால், 20 டிகிரியில் 8.0கே காட்டும் காயில் 30 டிகிரியில் 8.3 காட்டும். பார்க்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகை சிங்கிள் காயில் பெரும்பாலும் 2.2 முதல் 2.6 ஹென்றிக்குள் இருக்கும். பழைய பிஏஎஃப் (ஐம்பதுகளின் கிப்ஸன் ஹம்பக்கர்) பாணி ஹம்பக்கர் 4 முதல் 4.5 வரை வரும். இந்த ஒரு எண்ணைத் தராமல் ‘கிரீமி’, ‘வின்டேஜ்’ என்று அட்டையை நிரப்பும் வழக்கம் எனக்குப் பெரிய எரிச்சல்.

இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டம் தேக்கும் அளவு) சேர்ந்துதான் ஒலி மிக ஓங்கி நிற்கும் உச்சி எந்த அதிர்வெண்ணில் வரும் என்று தீர்மானிக்கின்றன. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள 5 மீட்டர் கேபிளையும், பிக்கப்பின் சொந்தக் கணக்காக ஒரு 100ஐயும் சேர்த்தால் மொத்தம் 600. அப்போது 2.4 ஹென்றி சிங்கிள் காயிலின் உச்சி 4.2 கிலோஹெர்ட்ஸில் நிற்கும், 4.4 ஹென்றி ஹம்பக்கரின் உச்சி 3.1இல். கேபிளை 10 மீட்டராக்கினால் சிங்கிள் காயிலும் அதே 3.1க்கு இறங்கிவிடும். காதைக் குத்தும் ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப்பை (கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது) கழற்றுவதற்கு முன், நீளமான கேபிள் ஒன்றில் வாசித்துப் பாருங்கள். கேபிள் மாறியதும் கிட்டாரே மாறியதுபோல் இருக்கும்.

இந்த கிட்டாரில் இருப்பவை: நெக் 7.6கே, பிரிட்ஜ் 8.3கே, இரண்டிலும் ஆல்னிகோ 5 காந்தம், 42 கேஜ் கம்பி, லேசான மெழுகு, நிக்கல் சில்வர் மூடி. மூடி பித்தளையாக இருந்தால் அதில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் உச்சியை அமுக்கும். மலிவு ஹம்பக்கர் மங்கலாகக் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட பிக்கப்பில் பாட்டை மாற்றும் முன் மூடியைக் கழற்றிக் கேட்பது நல்லது.

பாட்களுக்கு வருவோம். 500கே என்று அச்சிட்டவற்றில் பெரும்பாலானவை 20 சதவீதம் மேலும் கீழும் போகலாம் என்பதுதான் அவற்றின் விவரக்குறிப்பே. 400 வந்தாலும் சரக்கில் குறையில்லை, 600 வந்தாலும் குறையில்லை. கழற்றிய பழையவற்றில் நெக் வால்யூம் 418, நெக் டோன் 432. இரண்டும் இணையாக நின்று பிக்கப் மேல் ஏற்றிய சுமை 212கே. புதிதாகப் போட்டவை 548, 536. சுமை 271கே ஆயிற்று; எண் ஏறினால் சுமை குறைவு என்று பொருள். நெக்கின் பாதி மப்பு இதிலேயே போய்விட்டது. பிரிட்ஜுக்கு 470ஐ ஒட்டியவற்றை வைத்தேன், அங்கே கூர்மைக்குப் பஞ்சமில்லை.

தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கி அளந்து பொறுக்குவதுதான் ஒரே வழி. வாங்கும்போது தண்டையும் கழுத்தையும் பாருங்கள். 24 பல் பிளவுத் தண்டுக்கான குமிழ் 18 பல் மெட்ரிக் தண்டில் சரியாக உட்காராது. முழு அளவு பாட்டுக்குத் துளை 9.5 மில்லிமீட்டர் வேண்டும். இறக்குமதி கிட்டார்களில் பெரும்பாலும் சின்ன பாட்டுக்கான துளையே இருக்கும், அதை டிரில்லால் அகலப்படுத்துவதைவிடக் கூம்பு ரீமரால் மெல்லச் சுரண்டுவது பாதுகாப்பு. மேல்பூச்சு சில்லுசில்லாகப் பெயராது. வளைவான தடித்த மேல்பலகை என்றால் நீளக் கழுத்து பாட் தேவை.

இனிதான் முக்கியமான இடம், டேப்பர்: குமிழைத் திருப்பத் திருப்ப ரெசிஸ்டன்ஸ் எப்படி மாறுகிறது என்பது. டோன் குமிழைத் திருப்பினால் பத்திலிருந்து இரண்டு வரை ஒன்றுமே நடக்காமல், திடீரென்று எல்லாம் இருண்டுபோகிறது என்ற குறைக்கு எல்லாரும் கெபாசிட்டரைக் குற்றம் சொல்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் ரியாக்டன்ஸ் (ஒலி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு) 1 கிலோஹெர்ட்ஸில் 7.2 கிலோஓம். டோன் பாட் 70கேக்கு மேல் நிற்கும்வரை அந்த ஏழு பொருட்டே இல்லை. அங்கே 0.022 போட்டாலும் 0.047 போட்டாலும் காதுக்கு ஒன்றுதான். அதுவரை குமிழ் செய்கிற வேலை உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்குவது மட்டுமே. கெபாசிட்டர் பேசத் தொடங்குவது 70கேக்குக் கீழே. ரெசிஸ்டன்ஸ் சீராக மாறும் லீனியர் பாட்டில் அந்த இடம் குமிழின் ஒன்றரைக்குக் கீழே வருகிறது. மொத்த ஆட்டமும் ஒரு நூல் திருப்பில் அடங்கிவிடும். நடுவில் 10 முதல் 15 சதவீதம் காட்டும் ஆடியோ டேப்பரில் அதே இடம் 5ஐ ஒட்டி வருகிறது. கீழ்ப்பாதி முழுவதும் பயன்படுத்தத்தக்க ஒலியாகிவிடுகிறது. ப்ளூஸில் நெக் பிக்கப்பை 3, 4 என்று வைத்து வாசிக்கும் அந்த உருண்ட குரல் இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

ஆகவே பாட்டின் முதுகில் இருக்கும் எழுத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ஏ என்றால் ஆடியோ, பி என்றால் லீனியர் என்பது பொதுவழக்கு, ஆனால் ‘ஆடியோ’ என்று விற்பவற்றில் நடுவில் 10 சதவீதம் காட்டுவதும் உண்டு, 30 காட்டுவதும் உண்டு. குமிழை நட்டநடுவில் நிறுத்தி, பாட்டின் மூன்று இணைப்புக் கால்களில் நடுக் காலுக்கும், கீழே திருப்பினால் அதோடு பூஜ்யமாகும் ஓரக் காலுக்கும் இடையே அளந்து, மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 10-15 வந்தவை டோனுக்கு. 30ஐ ஒட்டி வந்தவை வால்யூமுக்கு. காரணம் எளிது: 10 சதவீத பாட்டை வால்யூமாகப் போட்டால் குமிழ் 5க்கு வரும்போது ஒலி 20 டெசிபல் விழும், 30 சதவீதத்தில் 10 டெசிபலை ஒட்டித்தான் விழும். ப்ளூஸில் வாசிக்கும்போதே வால்யூமை 10க்கும் 5க்கும் இடையில் ஆட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தூரத்தில் சரிவு நிதானமாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஐம்பதுகளின் வயரிங். இப்போதைய வழக்கத்தில் டோன் வரிசை (டோன் பாட்டும் கெபாசிட்டரும்) வால்யூம் பாட்டின் பிக்கப் பக்கக் காலில் தொங்குகிறது. பழைய முறையில் அது நடுக் காலில் தொங்கும். வால்யூமை மின்னழுத்தம் பாதியாகும் அளவுக்கு இறக்கினால் 500கே பாட் மேலே 250, கீழே 250 என்று பிரிகிறது. வெளியே போகும் ஒலி இணையாக 125கே வழியே வருகிறது. 500 பிக்கோஃபாரட் கேபிளோடு சேர்ந்து அது 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டுகிறது. வால்யூம் இறக்கினால் ஒலி மங்குவது இதனால்தான். டோன் பாட் நடுக் காலில் இருந்தால், முழுக்கத் திறந்த நிலையில் அந்த 500கேயும் 125ஓடு இணைந்து 100கே ஆகிவிடும். வெட்டும் இடம் 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறும். அதோடு பிக்கப் மேலிருந்த சுமையும் குறைகிறது. விலை என்னவென்றால் ஒலி இன்னும் 2 டெசிபல் கூடுதலாக இறங்கும். டோனைக் கீழே இறக்க இறக்க வால்யூமும் சேர்ந்து இறங்கும். இது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு இரண்டு குமிழும் ஒன்றையொன்று இழுப்பதுதான் வசதி, ஒரே திருப்பில் பின்வாங்கி நிற்க முடிகிறது.

ட்ரெபிள் பிளீட் (வால்யூம் இறக்கினாலும் கூர்மை மங்காமல் காக்கும் இணைப்பு) போடுபவர்கள் இதோடு சேர்த்துப் போட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வால்யூம் 4இல் பேஸ் இல்லாத தகரச் சத்தம் வரும். நடுக் காலில் டோனைத் தொங்கவிட விருப்பமில்லை என்றால் மட்டும் 130கேயும் 0.0012 மைக்ரோஃபாரட்டும் தொடராக வையுங்கள். தனிக் கெபாசிட்டர் மட்டும் போட்டால் மெலிந்துவிடும்.

கெபாசிட்டர் மதிப்பு: பிரிட்ஜுக்கு 0.022, நெக்குக்கு 0.015. டோனை முழுக்க மூடினால் ஒலி வெறுமனே இருள்வதில்லை. பிக்கப்பும் கெபாசிட்டரும் சேர்ந்து கீழே புது உச்சி ஒன்றை உண்டாக்குகின்றன. 4.4 ஹென்றியோடு 0.047 என்றால் அது 350 ஹெர்ட்ஸில், 0.022 என்றால் 500இல், 0.015 என்றால் 600இல். நெக் பிக்கப்புக்கு 350இல் ஒரு மேடு தேவையே இல்லை, அது பேஸ் கிட்டாரின் இடத்தைப் பிடிக்கும். 600இல் நின்றால் மனிதக் குரலின் ‘ஓ’ போல வருகிறது. க்ரீம் குழுவின் காலத்தில் எரிக் கிளாப்டன் வாசித்த ‘உமன் டோன்’ இந்தக் குடும்பம்தான்: ஹம்பக்கர், மூடிய டோன், முழுக்கத் திறந்த ஆம்ப்.

எண்ணெயில் ஊறிய காகிதக் கெபாசிட்டர், பழைய கையிருப்பு என்று தேடி அலைவதில் பயனில்லை. கிட்டாருக்குள் ஓடும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அளந்து பார்த்து மதிப்பு ஒன்றாக இருக்கும் இரண்டு கெபாசிட்டர்களில் சாதாரண ஃபிலிம் வகையே போதும். ‘ஒலி மாறிவிட்டது’ என்பவர்கள் இரண்டின் உண்மையான மதிப்பையும் முதலில் அளக்க வேண்டும். பழைய காகிதக் கெபாசிட்டரும் மலிவு செராமிக் வட்டும் அச்சிட்ட எண்ணிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கலாம்.

சால்டர் வேலையில் சொல்ல வேண்டியது பாட் முதுகு மட்டும். மணல்தாளால் சுரண்டி, பட்டை முனை வைத்த 50 வாட் அயர்னால் சட்டென்று முடிக்க வேண்டும். 25 வாட்டை வைத்து நெடுநேரம் தேய்த்தால் சூடு உள்ளே இறங்கிக் கார்பன் பட்டையைக் கெடுத்துவிடும், குமிழ் கரகரக்கத் தொடங்கும். கெபாசிட்டரின் ஒரு கால் வால்யூமின் நடுக் காலில், மறு கால் டோனின் நடுக் காலில், டோனின் ஓரக் கால் ஒன்று எர்த்தில். எந்த ஓரக் கால் என்பதை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்: குமிழைக் கீழே திருப்பும்போது பூஜ்யமாவது. மாறினால் குமிழ் தலைகீழாவதோடு, பொறுக்கியெடுத்த டேப்பரும் வீணாகிவிடும். பின்மூடியைப் போடும் முன் கேபிளைச் செருகி மறுமுனையில் அளங்கள். வால்யூம் 10இல் 7.6கே பிக்கப் 7.5 காட்டும், பாட் இணையாக இருப்பதால் அந்தச் சிறு குறைவு. 0 காட்டினால் எங்கோ எர்த்தைத் தொடுகிறது; 500 சுமார் காட்டினால் பிக்கப் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. சுவிட்ச் இரண்டு பிக்கப்பையும் சேர்க்கும் நடுநிலையில் ஒரு வால்யூமைப் பூஜ்யமாக்கினால் இரண்டும் அடங்குவது பழுதல்ல, இந்த இணைப்பின் இயல்பு.

ஸ்ட்ராட் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு 250கேயில். அதில் பழைய இணைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது. இரண்டாவது டோனிலிருந்து சுவிட்சின் பிரிட்ஜ் காலுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டாலே ப்ளூஸ் லீடுக்கு அது உயிர்பெறும். பேஸ் கம்பிகள் நெக்கில் சுருதி விலகி அலைபாய்ந்தால் பாட்டை நோண்ட வேண்டாம், காந்த இழுப்பு அது. கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, பேஸ் பக்கம் 2.4, ட்ரெபிள் பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்கி இன்னும் இறக்கிப் பாருங்கள்.

அடுத்த கட்டம் நெக் காந்தத்தைத் திருப்புவது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பால் கிட்டாரில் நடுநிலையில் கேட்கும் அந்த மூக்கொலி, நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததால் வந்தது. ஒயர்களை மாற்றியும் அதைச் செய்யலாம், ஆனால் பின்னல் உறை கொண்ட ஒற்றை ஒயர் பிக்கப்பில் மூடி சிக்னல் பக்கம் போய், தொட்டால் ரீங்காரம் வரும். காந்தமே சுத்தமான வழி. மூடியின் இரண்டு சால்டர் புள்ளிகளை விடுவித்து, அடித்தட்டின் நான்கு திருகுகளைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். பட்டையை மரக்குச்சியால் தள்ளி வெளியே எடுக்கலாம். துருவங்கள் நீள விளிம்புகளில் இருப்பதால், பட்டையை நீள விளிம்பின் மேல் உருட்டிப் புரட்டிப் போட்டாலும், மேசை மேல் வைத்து அரைவட்டம் சுழற்றினாலும் துருவம் மாறும். முனைக்கு முனை குட்டிக்கரணம் போட்டால் மட்டும் எதுவும் மாறாது. பலர் இப்படிச் செய்துவிட்டு மறுபடி திறக்கிறார்கள். திறந்திருக்கும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, பிக்கப்பின் முகப்புத் திருகுகள் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து வெடுக்கென்று எடுங்கள். எண் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பிரிட்ஜோடு ஒப்பிட்டால் போதும்.

இரண்டு வால்யூமும் 10இல் இருந்தால் பேஸ் முழுக்க அடிபடும் என்பதால், ஒன்றை 7 அல்லது 8க்கு இறக்கித்தான் அந்த ஒலி உபயோகப்படும். வால்யூமுக்கு 30 சதவீத டேப்பர் போட்டது அங்கேயும் கைகொடுக்கும். ஆல்னிகோ 2 பட்டை ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் திருப்பும்போதே அதையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரித்துக் கேட்க முடியாது. ஆகவே முதலில் ஆல்னிகோ 5ஐயே திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகுதான் 2.