டாஹோவின் ட்ரான்ஸ்மிஷன் பானில் டிரெயின் பிளக் வைத்தது

வண்டி 2004 செவ்ரோலே டாஹோ, 5.3 லிட்டர் எஞ்சின், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான பானில், ஆயிலை வடிக்கத் திருகிக் கழற்றும் டிரெயின் பிளக் இல்லை. ஆயில் மாற்ற 16 போல்ட்டையும் கழற்றி, ஏறக்குறைய 4.7 லிட்டர் ஆயிலோடு பானைச் சாய்த்து இறக்க வேண்டும். எவ்வளவு நிதானமாகச் சாய்த்தாலும் நாலு பக்கமும் வழியும். ஃபில்டர் மாற்றும்போது எப்படியும் பான் கீழே வரும். பிளக் வைக்க அதுதான் சரியான சமயம்.

முதலில் டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய ஹோஸ் விட்டு, கைப்பம்பால் முடிந்த அளவு ஆயிலை உறிஞ்சிவிடுங்கள். அதன்பின் பான் லேசாக இறங்கும். போல்ட்டுகளுக்கு 10 மி.மீ. சாக்கெட். இடது பக்கம் கியர் கேபிளின் பிராக்கெட் குறுக்கே நிற்கும். அதை நெம்பாமல் கழற்றி ஒதுக்குவதே நல்லது. பான் வண்டியில் இருக்கும்போது துளை போடவே கூடாது. ஒரு சின்ன இரும்புச் சீவல், கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடிக்குள் போனால் ஒரு வால்வு சிக்கிக்கொள்ளப் போதும்.

துளையை எங்கே போடுவது என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது. பானின் அடித்தளத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கண்ணளவை நம்பாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி, நினைத்த இடத்தில் பானுக்குள் ஒட்டி, ஃபில்டர் இருக்கும்போதே பானைத் தூக்கி நாலு போல்ட்டில் பிடித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அங்கே உள்ள இடைவெளி. பிளக்கைப் பிடிக்க உள்ளே நிற்கப்போகும் நட்டின் உயரத்தைவிட அது குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஃபில்டர் ஆயில் உறிஞ்சும் வாய்க்கு நேர் கீழே நட்டு வரக்கூடாது. இடைவெளி எப்படி இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். பின்பக்க ஓரமாக, பான் ஆழமாக உள்ள, தட்டையான இடமே எங்களுக்குச் சரிப்பட்டது. புகைக்குழாய்க்கு மேலேயும் வேண்டாம். ஆயில் சூடான குழாயில் கொட்டும்.

கடையில் கிடைக்கும் டிரெயின் பிளக் கிட்டில் மரை வெட்டிய ஒரு உடல், உள்ளே ஒரு நட்டு, இரண்டு வாஷர், ஒரு பிளக் இருக்கும். பெரும்பாலும் அரை அங்குலத் துளை கேட்கும். சென்டர் பஞ்ச் அடித்து, பானுக்கு அடியில் கட்டை கொடுத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி படிப்படியாகப் பருமனாகும் ஸ்டெப் டிரில்லால் மெதுவாக விரிவாக்குங்கள். எடுத்த எடுப்பில் பெரிய பிட் வைத்தால் தகடு மெல்லியது என்பதால் துளை முக்கோணமாகிவிடும், வாஷர் உட்காராது. இரு பக்கமும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

கிட்டில் இரண்டு குறைகள். உள்ளே நிற்கும் நட்டின் உயரத்துக்குப் பழைய ஆயிலும் அடிக்கசடும் தங்கிவிடும். அடுத்தது, பிளக்கைத் திருப்பும்போது உடலும் சேர்ந்து சுற்றி, வாஷர் கிழிந்து கசியத் தொடங்கும். கழற்றும்போதும் முடுக்கும்போதும் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு பிளக்கை இன்னொன்றால் திருப்ப வேண்டும்.

வெல்டிங் வசதி இருந்தால் வெளிப்பக்கம் ஒரு எஃகு பங்கை (bung, பிளக் திருகி நிற்கும் மரை வெட்டிய வளையம்) வெல்ட் வைப்பதே மேல். உள்ளே எதுவும் துருத்தாது, ஆயில் முழுதாக இறங்கும். முதலில் பானுக்குள் இரும்புத்தூளைப் பிடிக்க இருக்கும் காந்தத்தை எடுத்துவிடுங்கள்; சூட்டில் அதன் சக்தி போய்விடும். பானைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, துண்டு துண்டாக வெல்ட் வைத்து ஆறவிடுங்கள். இல்லையென்றால் விளிம்பு வளைந்து, எந்த கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும். பிறகு வெல்டின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். ஊசித்துளை இருந்தால் சாக்பீஸில் ஈரக்கறை தெரிந்துவிடும்.

இரண்டு வேலைக்கும் மனமில்லாதவர்கள் பிளக்கோடு வரும் பானையே வாங்கலாம். ஆனால் 4எல்60இ பானில் ஆழமானது, ஆழம் குறைந்தது என இரண்டு உண்டு, ஃபில்டரும் அதற்கேற்ப மாறும். ஆழமான பானில் குட்டை ஃபில்டர் போட்டால் காற்றை உறிஞ்சும்.

மாட்டும் முன் பானை பிரேக் கிளீனரால் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஃபில்டர் கழுத்தின் பழைய சீல் பெரும்பாலும் மேலேயே ஒட்டியிருக்கும். துளைச் சுவரைக் கீறாமல் எடுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்குக் குறுக்காக 11 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் போதும். ஒழுகுமோ என்று கூடுதலாக இறுக்குவதால்தான் கேஸ்கெட் பிதுங்குகிறது.

டெக்ஸ்ரான் 6 ஆயில் 4 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரும் போட்டுப் பார்த்து, பார்க்கில் வைத்து, சூடேறியபின் டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். அளவு மிஞ்சினால் ஆயில் நுரைக்கும்.

மொத்தக் கொள்ளளவு, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டரோடு சுமார் 10.6 லிட்டர். ஒரு முறை வடித்தால் 44 சதவீதம்தான் மாறும். நடுவில் வண்டியை ஓட்டி மூன்று முறை வடித்து ஊற்றினால் சுமார் 83 சதவீதம் புதிதாகிவிடும். பிளக் இருந்தால் இந்த மூன்று முறையும் பானைத் தொட வேண்டியதில்லை; ஃபில்டர் மாற்ற மட்டும் மறுபடி கழற்றினால் போதும்.