ஜெல் பவுடரை உப்புத் தண்ணீரில் சோதியுங்கள்: வேலூர்ப் பக்கம் நாப்கின் தயாரிப்பு அனுபவம்

நாப்கினுக்குள் ஈரத்தை உறிஞ்சிப் பிடிக்கும் ஜெல் பவுடரை விற்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள். டம்ளரில் ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டுக் கேன் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் டம்ளரைக் கவிழ்ப்பார்கள். ஒரு சொட்டு விழாது. அதை நம்பி மூட்டைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தரம் குறைந்த பவுடரும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

பவுடர் என்பது சோடியம் பாலிஅக்ரிலேட். நீளச் சங்கிலிகளை அங்கங்கே குறுக்கே கட்டி வைத்த பாலிமர். உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள்தான் வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கின்றன. வெளியே இருக்கும் தண்ணீரிலும் உப்பு இருந்தால் இழுவை குறைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரை எடைக்கு நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் அதே பவுடர், 0.9 சதவீத உப்புநீரில் ஏறத்தாழ 50 மடங்கோடு நின்றுவிடும். பிழிந்த பிறகு தங்குவது 30 மடங்குக்குப் பக்கம். உடலிலிருந்து வரும் திரவத்தில் உப்பு உண்டு, புரதமும் உண்டு, கெட்டியாகவும் இருக்கும். ஆகவே உப்புநீர்க் கணக்கைவிடவும் குறைவாக, மெதுவாகத்தான் உறிஞ்சும்.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல். கேன் தண்ணீரில் உப்பு நீக்கப்பட்டிருப்பதால் பவுடர் அபாரமாகத் தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் உப்பு நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. அந்த போர் தண்ணீரை ஊற்றினால் நல்ல பவுடரும் சோர்ந்துவிடும். உப்போடு, அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சங்கிலிகளை மேலும் இறுக்கிக் கட்டிவிடுவதும் காரணம். இரண்டு தண்ணீரும் வேண்டாம். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, ஒரு லிட்டர் கரைசலுக்கு 9 கிராம் உப்பு என்று கலக்குங்கள்.

மெல்லிய நான்-ஓவன் (நெய்யாத) துணியில் சின்னப் பை தைத்து அதில் 0.2 கிராம் பவுடர் போட்டு ஒட்டி, உப்புநீரில் அரை மணி நேரம் மூழ்கவிட்டு, 10 நிமிடம் தொங்கவிட்டு எடை போடுங்கள். பவுடர் இல்லாத வெறும் பையையும் அதே மாதிரி நனைத்து எடை எடுத்துக் கழிக்க வேண்டும். இந்த எடைகளுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு கட்டாயம்.

இது பாதிச் சோதனைதான். நாப்கினின் மேல் ஆள் உட்காருவார், எனவே பாரத்தின் கீழ் எவ்வளவு குடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 6 செ.மீ. உள்விட்டம் உள்ள பிளாஸ்டிக் குழாயின் அடியில் நைலான் சல்லடைத் துணியை ஒட்டி, 0.9 கிராம் பவுடரைச் சீராகப் பரப்பி, மேலே குழாய்க்குள் தடையின்றி ஏறி இறங்கும் ஒரு தட்டும் எடையும் சேர்ந்து 600 கிராம் வையுங்கள். சதுர செ.மீ.க்கு 21 கிராம் என்ற கணக்கு அது. குழாயை எடை போட்டு, உப்புநீரில் ஊறிய வடிதாள் அடுக்கின்மேல் ஒரு மணி நேரம் நிற்கவிட்டு மறுபடி எடை போடுங்கள். வடிதாள் காயாமல் தட்டில் உப்புநீர் நின்றுகொண்டே இருக்கட்டும். சும்மா ஊறும்போது நிறையக் குடித்து, பாரம் வைத்ததும் சரிகிற பவுடரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதன் துகள் மேற்பரப்பில் கூடுதல் குறுக்குக்கட்டு போட்டிருக்க மாட்டார்கள். ஊறியதும் துகள்கள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் ஈரம் உள்ளே போக இடமில்லாமல் பக்கவாட்டில் வழியும். நாப்கின் கசிகிறது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு இந்த அடைப்புதான் மூலம். பவுடர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டினால் அடைப்பு அதிகமாகும்.

அடுத்தது மரக்கூழ். பைன் மரத்தின் நீள நார்க்கூழ், தடித்த அட்டைச் சுருளாக வரும். அதைக் கிழித்து அரவையில் போட்டுப் பஞ்சாக்க வேண்டும். பிளேடு மழுங்கினால் முடிச்சு முடிச்சாக வரும், அந்த முடிச்சு உறிஞ்சாது. அதிக நேரம் அரைத்தால் நார் உடைந்து மாவாகி, நடுப்பகுதி பிடிப்பில்லாமல் விரிசல் விடும். ஒரு பிடி பஞ்சை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள், இரண்டு குறையும் கண்ணுக்கே தெரியும். அக்னி நட்சத்திர வெயிலில் கூழ் காய்ந்து நிலைமின் ஏறி, பஞ்சு அறைச் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்போது கூடத்தில் ஈரத்துணி கட்டித் தொங்கவிடுவது உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகீழ். கூழ் ஈரம் பிடித்துச் சரியாகப் பிரியாது, திறந்து வைத்த ஜெல் பவுடர் கட்டிதட்டிவிடும். பவுடரை ஒரு ஷிப்டுக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துவிட்டு மூட்டையை உடனே கட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

வழக்கமான அளவு நாப்கினுக்கு நாங்கள் போடுவது 7 கிராம் பஞ்சு, அரை கிராம் பவுடர். பாதிப் பஞ்சை அச்சில் பரப்பி, பவுடரைச் சல்லடையில் தட்டித் தூவி, மீதிப் பஞ்சால் மூடுகிறோம். விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. இடம் விட்டு, அதற்கு உள்ளே மட்டும்தான் தூவ வேண்டும். ஓரத்தில் விழுந்த துகள் ஒட்டு விடும் இடத்தில் வெளியே வந்து தோலில் படும். ஒரே இடத்தில் குவிந்தாலும் மேலே சொன்ன அடைப்பு வரும். அழுத்தத்தைப் பொறுத்தவரை கை அனுபவம்தான் வழி: குறைந்தால் நடுப்பகுதி சிதையும், கூடினால் அட்டை மாதிரி விறைத்து ஈரம் இறங்கத் தாமதமாகும்.

மேல்துணி வாங்கும்போது கவனம் வேண்டும். பாலிபுரொப்பிலீன் இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது. நாப்கினுக்கான துணியில் ஈரம் இறங்க ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். பைக்கும் முகக்கவசத்துக்கும் வரும் துணி கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சொட்டு அதன்மேல் உருண்டு நிற்கும். வடிதாள்மேல் துணியை விரித்துச் சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி உப்புநீர் விடுங்கள். சில நொடிகளில் இறங்க வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் துளி, மூன்றாம் துளியும் இறங்குகிறதா பாருங்கள். மட்டமான பூச்சு முதல் துளியோடு கரைந்து போய்விடும். அடித்தாள் பாலிஎத்திலீன், அதில் பெரிய தொந்தரவு இல்லை. கரண்ட் போய் வரும் ஊர்களில் ஹாட்மெல்ட் பசைத் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) தொட்டியைச் சூட்டிலேயே விட்டுவைத்தால் பசை கருகி முனையை அடைக்கும். வேலை நின்றால் சூட்டைக் குறைத்துவிடுங்கள்.

முடிந்த நாப்கினுக்கு ஐ.எஸ். 5405 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதன் 1980-ஆம் ஆண்டுப் பதிப்பு 2019-இல் திருத்தப்பட்டது. பழைய தரத்தின் உறிஞ்சல் சோதனையைத் தினசரிச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: நடுவில் 30 மில்லி திரவத்தை நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் விட்டு, ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைத்தால் அடியிலோ பக்கத்திலோ கசிவு தெரியக்கூடாது. விற்பனைக்குப் போகும் சரக்கை, திருத்திய தரத்தின்படி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மலிவு நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை முருகானந்தம் வழியில் வந்த சிறு இயந்திரத் தொகுப்புகளில் கடைசியாக ஒரு புறஊதாப் பெட்டி இருக்கும். அந்த ஒளி மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும், பஞ்சின் உள்ளே போகாது. அதனால் கூழைத் தரையில் வைக்காதிருப்பதும், கையுறையும் தலையுறையும்தான் உண்மையான சுத்தம்.

பவுடர் தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. வழுக்கி விழுவார்கள், சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். ஏற்கெனவே ஊறிவிட்டிருந்தால் கல்லுப்பைத் தூவிக் கொஞ்ச நேரம் விடுங்கள், ஜெல் நீரைக் கக்கிச் சுருங்கும், பிறகு வழிக்கலாம். பவுடரைத் தூவுகிற ஆள் என்95 முகக்கவசம் போட வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

விலை போடும்போது ஒன்றைக் கணக்கில் எடுங்கள். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு வந்தது. விற்பனைக்கு வரி இல்லாததால், கூழுக்கும் பவுடருக்கும் துணிக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க நம் அடக்க விலையில்தான் சேரும். மாவட்டத் தொழில் மையத்தில் கடனுக்குத் திட்ட அறிக்கை கொடுக்கும்போது மூலப்பொருள் விலையை வரியோடு சேர்த்தே எழுதுங்கள். ஆய்வகச் சோதனைக் கட்டணத்துக்கும், பயன்படுத்திய நாப்கினைச் சுற்றி அப்புறப்படுத்த திடக்கழிவு விதிகள் சொல்லும் உறைக்கும் தனித்தனியாகச் செலவு எழுதிவிடுங்கள்.