முதல் கிளாஸ் முழுக்க நுரை

குழாயைத் திறந்ததும் வந்தது நுரை மட்டும்தான். அடியில் ஒரு விரல் பீர் தேறியிருந்தால் அதிகம்.

ஒஹையோ. பக்கத்து வீட்டுக்காரரின் கராஜ். வீட்டில் தானே காய்ச்சும் பீரைக் குழாயில் பிடிக்க ஒரு குளிர்பெட்டி செய்கிறார். மூன்று வாரமாக சனி, ஞாயிறுகளில் நான்தான் அவருக்குக் கையாள்.

ஐஸ்க்ரீம் கடையில் இருக்குமே, மேல்மூடி திறக்கிற ஃப்ரீசர், அது. சுற்றிலும் சிடார் பலகை அடித்து, முகப்பில் மூன்று குழாய். தள்ளி நின்று பார்த்தால் சாட்சாத் எங்க ஊர் பத்தாயம்!

ஃப்ரீசர் சுவரில் துளை போட முடியாது. உள்ளே குளிரூட்டும் கேஸ் குழாய் ஓடும். ஒன்றில் பட்டால் மொத்தமும் குப்பைக்குத்தான். அதனால் மூடியைக் கழற்றி, இடையில் ஒரு மரச்சட்டம் வைத்து அதில் துளைத்தோம். ஒவ்வொரு துளைக்கும் மூன்று முறை அளந்தேன். மனுஷன் சிரிக்கிறார்.

மைனஸ் 18-க்குப் போகத் துடிக்கும் பெட்டியை 4 டிகிரியில் அதட்டி நிறுத்துவது உள்ளங்கை அளவு கன்ட்ரோலர். உள்ளே 19 லிட்டர் கெக்குகள், அதாவது பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்கள், ஒருகாலத்தில் சோடா சிரப் சுமந்த ரகம்.

நுரைக்குக் காரணம், கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸ். ஒன்றரை மீட்டர்தான் போட்டிருந்தோம். குட்டையாக இருந்தால் பீர் சீறிக்கொண்டு வரும். மூன்று மீட்டராக மாற்றினோம்.

வீட்டில் பீர் காய்ச்ச அமெரிக்க மத்திய அரசு வழிவிட்டதே 1978-ல், கார்ட்டர் கையெழுத்தில். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தன. இன்றும் விற்கக் கூடாது. அதனால்தானோ என்னவோ, கராஜ் கதவு திறந்தாலே தெருவில் நாலு பேர் கூடிவிடுகிறார்கள்.

நான் குடிப்பதில்லை. ஆனாலும் இரண்டாவது கிளாஸை என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்.

இரண்டு விரல் நுரை. மீதி பொன்னிறம்.