மீற்றர் 12 காட்டியது, அம்ப் எழும்பவில்லை

மார்கழி மழை விட்ட கையோடு என் ஆல்டோ காரில் சப்வூபருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) செத்துப்போனது. டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுச் செற் பாடியது, முன்கதவு ஸ்பீக்கர்கள் பாடின. டிக்கியில் இருந்த சப்வூபர் என்ற அடித்தொனி ஸ்பீக்கர் மட்டும் பேச்சு மூச்சில்லை. அம்பின் பச்சை லைற்றும் எரியவில்லை, சிவப்பு லைற்றும் எரியவில்லை. கட்டாருக்குப் போன கூட்டாளி விட்டுப்போன அம்ப் அது. இரண்டு பேருமாக ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து நின்று பூட்டியது. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

சிவப்பு லைற் எரிந்திருந்தால் கதை வேறு. அம்புக்குக் கறண்ட் வருகிறது, ஸ்பீக்கர் வயர் எங்கோ முட்டுகிறது, அல்லது உள்ளே ஏதோ பழுது என்று எடுக்கலாம். இரண்டு லைற்றும் எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது மூன்றே வயர்கள்: பற்றரியிலிருந்து வரும் தடித்த பொசிற்றிவ், பொடியில் முறுக்கிய ஏர்த், செற்றிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர். ரிமோட் பெரும்பாலும் வெள்ளைக் கோடு போட்ட நீல வயராக இருக்கும். செற்றைப் போட்டதும் அதில் 12 வோல்ற் வந்து அம்பை எழுப்பும்.

அம்பில் இருந்த பியூஸ்களைக் கழற்றி மீற்றரில் பார்த்தேன், நல்லவை. செற்றைப் போட்டு ரிமோட் வயரை அளந்தேன், 12 வந்தது. செற்றை அணைத்துவிட்டுப் பொசிற்றிவ்வுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளந்தேன், 12.4. எல்லாம் சரி, அப்போது அம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். நகரில் ஒரு கடையில் காட்டியபோது அவர்களும் அதையே சொன்னார்கள். உள்ளே எரிந்துவிட்டது, வேறு வாங்குவதுதான் நல்லது என்றார்கள். ஒரு கிழமை அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரித்தது. ஒருநாள் இரவு டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு செற்றைப் போட்டபோது, அந்தப் பச்சை லைற் ஒரே ஒரு தரம் மின்மினி போல மினுங்கி அணைந்தது. பகல் வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது. எரிந்துபோன அம்ப் எப்படி மினுங்கும்?

ஆரையம்பதியில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார், முப்பது வருடம் வாகன வயரிங் செய்தவர். காரைக் கொண்டுபோய் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். "மீற்றர வையு மனே, ஒரு பிறேக் பல்ப் கொண்டா" என்றார். "மீற்றர் கறண்டக் குடிக்காது. குடிக்கிற ஒண்டக் கொழுவிப் பாரு."

21 வாட் பல்ப்பில் இரண்டு வயர்களை ஒட்டி, அம்பின் பொசிற்றிவ்விலும் ஏர்த்திலும் கொழுவினார். பல்ப் எரியவில்லை. உள்ளே இருந்த கம்பி மட்டும் அடுப்புத் தணல் போல மங்கலாகச் சிவந்தது. அந்த நேரம் மீற்றரை வைத்தால் 3 வோல்ற்! பல்ப்பைக் கழற்றினால் மறுபடி 12.4. நான் அளந்த 12.4 பொய்யில்லை. ஆனால் எதுவும் இழுக்காதபோது வரும் வோல்ற் அது. வழியில் எங்கோ ஒரு இணைப்பு நூல் அளவுக்குத்தான் பிடித்திருக்கிறது. அம்ப் எழும்ப முயன்று கறண்டை இழுத்ததும் வோல்ற் விழுந்துவிடுகிறது. அந்த மினுங்கலுக்கும் அதுதான் காரணம்.

எங்கே என்று பிடிப்பதும் பல்ப்பாலேயே நடந்தது. முதலில் பல்ப்பின் நெகற்றிவ் காலை மட்டும் நீள வயரால் நேரே பற்றரியில் வைத்தோம். அதே மங்கல், ஆகவே ஏர்த்தில் குற்றமில்லை. அப்புறம் பொனற்றைத் திறந்து பொசிற்றிவ் காலை ஒவ்வொரு இடமாக நகர்த்தினோம். பற்றரி முனையில் பளீரென்று எரிந்தது. பற்றரிக்குப் பக்கத்தில் அந்த வயரில் இருந்த பியூஸ் ஹோல்டரைத் தாண்டியதும் மங்கியது.

ஹோல்டரைத் திறந்தால் பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. வயர் இறுகும் இடம்தான் பச்சைக் களிம்பு, அதற்குக் கீழே வெள்ளைத் தூள். மாமா வயரைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். செம்பு பூசிய அலுமினியம். கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், காற்றிலேயே உப்பு. அதோடு ஹோல்டர் பற்றரிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நாவற்குடாப் பக்கம் ரோட்டில் நின்ற வெள்ளத்துக்குள் எத்தனை தரம் ஓட்டினேன்!

வெட்டித் திருத்த முன்னம் ஒரு சோதனை செய்தோம். பியூஸ் போட்ட வேறொரு வயரைப் பற்றரியிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்து அம்பில் கொடுத்தேன். செற்றைப் போட்டதும் பச்சை லைற் நின்று எரிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

மற்றதெல்லாம் அரைநாள் வேலை. பற்றரியின் நெகற்றிவ்வை முதலில் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். முழு வயரையும் மாற்றி, சுத்தமான செம்பு வயர் போட்டோம். விலை கூடத்தான், ஆனால் கடற்கரையில் இருப்பவர்கள் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. புதிய ஹோல்டரை பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பூட்டி, முனைகளில் வாஸ்லின் பூசினோம். ஏர்த் போல்ற்றடியிலும் பெயின்ற்றைச் சுரண்டித் தகரம் தெரிய வைத்து மறுபடி இறுக்கினோம்.

கடைசியாகப் பல்ப்பைக் கொழுவினார். கண்கூசியது. மீற்றரில் 12.3. மாமா பல்ப்பைக் கழற்றி என் கையில் தந்து, "இத கார்லயே வச்சிரு மனே" என்றார். டாஷ்போர்ட் பெட்டிக்குள் மீற்றருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அன்று பின்னேரம் கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்து, போனை சப்வூபருக்குப் பக்கத்தில் பிடித்தேன்.