முகமாலையில் முள்வாரி

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள முகமாலை மிதிவெடிப் புலத்தைப் பற்றிய செய்திப்படங்கள் பெரும்பாலும் முகக்கவசத்துக்குள் தெரியும், மிதிவெடி அகற்றும் ஒரு பெண்ணின் கண்களில் தொடங்கும். அடுத்த வரியிலேயே 'போரில் கணவனை இழந்தவர்' என்று வரும். பொய்யில்லை. ஆனால் அவர் கை என்ன செய்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

முகமாலை உள்நாட்டுப் போரில் நீண்டகாலம் முன்னரங்காக இருந்த இடம். மண் முழுக்கச் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும். பீ-4 என்ற வகை மாதிரியான பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. உலோகக் கண்டுபிடிப்பானோ, சிதறல்களால், எல்லா இடத்திலும் ஒலிக்கும். அதனால்தான் முள்வாரி, அதாவது மண்ணை வாரும் பல்லுள்ள கைக்கருவி. கனமான வாரி மண்ணை இளக்கும், மெல்லியது இளகிய மண்ணை இழுக்கும். மேலிருந்து கொத்தக் கூடாது. முன்னால் வெட்டிய விளிம்பில், கீழிருந்து சுரண்டி வர வேண்டும். மிதிவெடி மேலழுத்தத்துக்கு வெடிப்பது; பக்கவாட்டில் தொட்டால் பெரும்பாலும் வெடிக்காது.

சிக்கல், வெடி சரிந்து கிடக்கும்போது. மழையும் பனை வேரும் அதைப் புரட்டிவிட்டால் அழுத்தத் தட்டு வாரியை நோக்கியே நிற்கும். காய்ந்து இறுகிய மண்ணும் சிக்கல்தான்: பலம் கொடுக்கத் தூண்டும். தண்ணீர் ஊற்றி ஊற வைப்பதே வழி. படமெடுக்க வருபவருக்கு அது சலிப்பு.

'பெண்களுக்குப் பொறுமை அதிகம்' என்பது இன்னொரு தேய்ந்த வசனம். அது பயிற்சி, பெண் என்பதால் வரும் குணமல்ல. குழுத் தலைவியாகவும் முதலுதவியாளராகவும் பெண்கள் இருப்பது மட்டும் தலைப்புக்கு வராது.