கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

போஸ்டல்ல பென்ஷன் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆயிட்டேன், ஆனா போன் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல. போன வாரம் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, "அக்கா, அவரு ரிட்டயர் ஆக ஆறு மாசம்தான் இருக்கு, மியூச்சுவல்ல டைவர்ஸ் கேக்குறாரு, குடுத்தாலும் பென்ஷன்ல பாதி எனக்கு வந்துரும்ல?"ன்னு கேட்டா.

வராதும்மான்னேன். பாதி வரும்னு அமெரிக்காவுல இருக்குற அவ நாத்தனார் சொன்னாங்களாம். அங்க கோர்ட் ஆர்டர் இருந்தா கவர்மெண்ட் பென்ஷனையே பிரிச்சுக் குடுப்பாங்க, இங்க அப்படி கிடையாது. பென்ஷன் அவரு பேர்லதான்.

அதவிட பெரிய அடி ஃபேமிலி பென்ஷன். அவரு 2004க்கு முன்னாடி சென்ட்ரல் கவர்மெண்ட்ல சேந்தவரு, கடைசி பேசிக் சம்பளம் 60,000ன்னு வச்சுக்கோங்க, அவருக்கப்புறம் பொண்டாட்டிக்கு அதுல 30%, அதாவது 18,000, அதோட டிஏ (அகவிலைப்படி), பொதுவா சாகுற வரைக்கும், இல்லன்னா மறுகல்யாணம் பண்ற வரைக்கும். டைவர்ஸ் டிக்ரீ வந்துட்டா 28 வருஷம் குடும்பம் நடத்தினதெல்லாம் கணக்குலயே வராது. நாளைக்கே அவரு இன்னொரு கல்யாணம் பண்ணா, அது ரிட்டயர் ஆனப்புறம் பண்ணாலும் சரி, அந்தம்மாவுக்குத்தான் போகும். சும்மா பிரிஞ்சு இருந்தாலோ, கோர்ட்ல ஜுடிஷியல் செபரேஷன் (கல்யாணம் முறியாம தனியா வாழ கோர்ட் குடுக்குற ஆர்டர்) மட்டும் வாங்கியிருந்தாலோ பொதுவா உரிமை போகாது, இந்த வித்தியாசத்த வக்கீலுங்க கூட நிறைய பேர் சொல்றதில்ல (ஃபீஸ் மட்டும் கரெக்டா சொல்லிருவாங்க).

பிள்ளைங்க கதை வேற. ரெண்டாவது மனைவி இருந்தாலும், டைவர்ஸ் ஆன அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய பங்கு தகுதியுள்ள பிள்ளைக்குப் போகும், ஆனா பொதுவா 25 வயசு, கல்யாணம், சொந்த சம்பாத்தியம், இதுல எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான். இவ பையனுக்கு 27 ஆச்சு.

அதனால மாசாமாசம் ஜீவனாம்சம்னு மட்டும் ஒத்துக்காத, மொத்தமா கேளுன்னேன். கிராஜுவிட்டி (2024 ஜனவரில இருந்து உச்சவரம்பு 25 லட்சம்), ஜிபிஎஃப் (சம்பளத்துல பிடிச்ச சேமநிதி), பென்ஷன்ல 40% வரைக்கும் கம்யூட் பண்ணி, அதாவது முன்கூட்டியே மொத்தமா வாங்குற காசு, எல்லாம் அவரு கைக்கு ஒண்ணா வரப்போற நேரம் இது, அதான் அவருக்கும் அவசரம்னு எனக்குத் தோணுது.

சென்ட்ரல் கவர்மெண்ட்ல வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு ஒண்ணு, டைவர்ஸ் கேஸ் நடக்கும்போதே புருஷனுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ஃபேமிலி பென்ஷன் போகணும்னு எழுதிக் குடுக்கலாம்னு 2024ல சென்ட்ரல் ஆர்டர் வந்துருக்கு.

நாளைக்கு அவரோட பே ஸ்லிப் ஜெராக்ஸ் கொண்டு வரேன்னுருக்கா. கால்குலேட்டர எடுத்து வச்சிருக்கேன்.